செல்லப்பிராணி தகன உலை வாங்கும் முன்: கொட்டேஷனில் இருக்கும் விலையும் இல்லாத விலையும்

"நூறு கிலோ உலை" என்று சொல்லி மூன்று பேரிடம் விலை கேட்டுப் பாருங்கள். மூன்றுக்கும் சம்பந்தமே இருக்காது. யாரோ ஏமாற்றுகிறார் என்று உடனே முடிவுக்கு வர வேண்டாம். ஒருவர் புகைபோக்கியைச் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். ஒருவருக்கு நூறு கிலோ என்பது ஒரு தடவை உள்ளே வைக்கும் எடை, மற்றவருக்கு அது ஒரு மணி நேரத்தில் எரிந்து முடியும் எடை. இந்த வித்தியாசம் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்தால், மீதிச் செலவுகள் உலை வந்து இறங்கிய பிறகு ஒவ்வொன்றாகத் தலை காட்டும். புதிதாக இந்தத் தொழிலில் இறங்குகிறவர்கள் என்ன வரிசையில் போக வேண்டும் என்பது கீழே.

1. விலை கேட்கும் முன் நான்கு எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

நாளுக்கு எத்தனை பிராணிகள் வரும், பெரும்பாலும் வருவது எத்தனை கிலோ, வரக்கூடிய மிகப் பெரியது எத்தனை கிலோ, தனித்தனித் தகனம் எத்தனை, கூட்டுத் தகனம் எத்தனை.

நான்காவது எண்தான் உலையைத் தீர்மானிக்கும். தனித் தகனத்தில் ஒரு நேரத்தில் ஒரு பிராணிதான் உள்ளே இருக்க முடியும். 4 கிலோ பூனைக்காக 200 கிலோ உலையைச் சூடேற்றினால் எரிபொருளில் பெரும்பகுதி சுவரைச் சூடாக்கத்தான் போகும். தனித் தகனம்தான் உங்கள் முக்கிய வேலை என்றால் ஒரு பெரிய உலையைவிட ஒரு நடுத்தர உலையும் ஒரு சிறிய உலையும் பெரும்பாலும் மேல். ஒன்று பழுதானாலும் கடை மூடாது.

கிலோ கணக்கோடு நிறுத்தாமல் கதவுத் திறப்பின் அகல உயரத்தையும், உள்ளறையின் நீளத்தையும் மில்லிமீட்டரில் கேளுங்கள். கால்களை நீட்டியபடி ஃபிரீசரில் உறைந்துபோன பெரிய நாயை மடக்க முடியாது. எடைக்கு இடம் இருக்கும், கால் கதவில் இடிக்கும்.

2. அனுமதி முதலில், அட்வான்ஸ் பிறகு

தொழில் தொடங்கும் முன்பே பணம் முடங்கிப்போவது இங்கேதான். உலையை வாங்கிவிட்டு இடத்துக்கு அனுமதி தேடுகிறவர்கள், அனுமதி வரும்வரை அதைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்க வேண்டியதுதான்.

பொதுவாக நான்கு வகை அனுமதி தேவைப்படும்: நிலப் பயன்பாடு, காற்று மாசு, எரிபொருள் சேமிப்பும் தீயணைப்பும், விலங்கு உடல்களைக் கையாளுவது. உங்கள் ஊர் விதியில் இவை எந்தெந்த அலுவலகத்தில் இருக்கின்றன என்று கண்டுபிடித்து, மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். இரண்டாம் அறையின் (உடல் எரியும் முதல் அறையிலிருந்து வரும் புகையை மறுபடி எரிக்கும் அறை) குறைந்தபட்ச வெப்பம் எவ்வளவு? புகை அங்கே எத்தனை வினாடி தங்க வேண்டும்? புகைபோக்கி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்? ஐரோப்பிய ஒன்றியத்தின் 142/2011 விதி 850 டிகிரி செல்சியஸில் 2 வினாடி, அல்லது 1100 டிகிரியில் 0.2 வினாடி என்கிறது. உலகெங்கும் தயாரிப்பாளர்களின் விவரத்தாளில் "850/2" என்று வருவது இதைத்தான். அதே விதி மணிக்கு 50 கிலோவுக்குக் குறைவாக எரிக்கும் உலைகளைத் தனி வகையாகப் பிரிக்கிறது. உங்கள் நாட்டிலும் அப்படி ஒரு வரம்பு இருந்தால், அதற்கு ஒரு கிலோ மேலே போகும் உலையை வாங்குவது வீண் செலவு.

கையில் வைத்திருக்க வேண்டியவை: பக்கத்துக் கட்டடங்களின் தூரம் குறித்த மனை வரைபடம், உலையின் பொது அமைப்பு வரைபடம், இதே மாடலில் எடுத்த புகை ஆய்வறிக்கை, எரிபொருள் தொட்டி நிற்கும் இடம், சாம்பலையும் கழிவையும் எங்கே அனுப்பப்போகிறீர்கள் என்ற குறிப்பு. ஆய்வறிக்கையில் மாடல் எண்ணைப் பாருங்கள். பெரிய மாடலுக்கு எடுத்த அறிக்கையைச் சின்ன மாடலுக்கும் சேர்த்து நீட்டுவது வழக்கம்.

3. எரிவாயுவா, டீசலா, மின்சாரமா, நீரா

குழாய் எரிவாயு வரும் இடமென்றால் யோசிக்கவே வேண்டாம், அதுதான். இல்லாவிட்டால் எல்பிஜி அல்லது டீசல். எல்பிஜியில் புகை குறைவு, பராமரிப்பும் குறைவு. ஆனால் குளிர்காலத்தில் சிலிண்டரிலிருந்து வாயு போதிய வேகத்தில் ஆவியாகாது. அதற்குக் கூடுதல் சிலிண்டர் வரிசையோ ஆவியாக்கியோ வேண்டும், அது தனிச் செலவு. டீசலுக்குத் தொட்டி போதும். நாஸில் அடைப்பதும் ஃபில்டர் மாற்றுவதும் தொடர்ந்து இருக்கும்.

மின்சார உலையில் விலையைக் கேட்கும் முன் இணைப்புச் சுமையைக் கேளுங்கள். மூன்று ஃபேஸ் இணைப்பை உயர்த்துவது, கேபிள், சில இடங்களில் தனி டிரான்ஸ்ஃபார்மர் எல்லாம் உங்கள் தலையில் விழும். மின்சார உலை என்றாலும் எரிவது உடல்தான், புகையை எரிக்கும் இரண்டாம் அறை அதற்கும் வேண்டும்.

நீர்த் தகனம் முற்றிலும் வேறு வகை. இதில் நெருப்பு இல்லை, சூடான காரக் கரைசலில் உடல் கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும். சுமார் 95 சதவீதம் நீர், 5 சதவீதம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு அல்லது சோடியம் ஹைட்ராக்சைடு. அழுத்தமில்லாத கலனில் கொதிநிலைக்குச் சற்றுக் கீழே வைத்தால் 18 முதல் 20 மணி நேரம் ஆகும். அழுத்தக் கலனில் 150 டிகிரி அளவில் சில மணி நேரத்தில் முடியும். தடுப்புக் கூடைகளில் பல பிராணிகளை ஒரே தடவையில் தனித்தனியாக வைக்கலாம் என்பதால் தனித் தகனம் அதிகமுள்ள இடத்துக்கு இது பொருந்தும். புகைபோக்கி கிடையாது. ஆனால் காரத்தன்மையுள்ள கழிவுநீரைச் சாக்கடையில் விட எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அது கிடைக்காத ஊரில் இந்தக் கலன் வெறும் எவர்சில்வர் பாத்திரம்.

4. கொட்டேஷனைப் படிப்பது எப்படி

எல்லா விற்பனையாளருக்கும் ஒரே கேள்வித்தாளை அனுப்புங்கள். அவரவர் வடிவத்தில் வரும் விலைப்பட்டியலை ஒப்பிடவே முடியாது. கேட்க வேண்டியவை:

எரிப்பு வேகம் மணிக்கு எத்தனை கிலோ, ஒரு தடவைக்கு அதிகபட்சம் எத்தனை கிலோ என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள்.

இரண்டாம் அறையின் கொள்ளளவு எத்தனை கனமீட்டர், "2 வினாடி" என்பதற்கான கணக்கு எங்கே? இந்தக் கணக்கை அவசியம் வாங்கிப் பாருங்கள். வாயு 850 டிகிரியில் 0 டிகிரியில் இருந்ததைப்போல் ஏறக்குறைய 4.1 மடங்கு விரியும் (1123-ஐ 273-ஆல் வகுத்தால் வருவது). 0 டிகிரி அளவில் மணிக்கு 600 கனமீட்டர் புகை என்றால், அறைக்குள் உண்மையில் ஓடுவது சுமார் 2,470 கனமீட்டர், அதாவது வினாடிக்கு 0.69. இரண்டு வினாடி தங்க 1.4 கனமீட்டர் அறை தேவை. விரிவைச் சேர்க்காமல் கணக்குப் போட்டவர் 0.33 கனமீட்டரிலேயே முடித்திருப்பார். காகிதத்தில் அது 2 வினாடி, அறைக்குள் அரை வினாடி. விலை ஏன் குறைவு என்பதற்கு பல நேரம் இதுதான் பதில். இரும்பும் காஸ்டபிளும் (உள்ளே பூசும் வெப்பம் தாங்கும் கான்கிரீட்) அவ்வளவு மிச்சம்.

இரண்டாம் அறையின் தெர்மோகப்பிள் (வெப்பத்தை அளக்கும் உணரி) எங்கே இருக்கிறது? புகை வெளியேறும் முனையில் இருக்க வேண்டும். பர்னர் சுவாலைக்குப் பக்கத்தில் வைத்தால் திரையில் 850 தெரியும், புகையில் இருக்காது.

உள்பூச்சு என்ன, எத்தனை மில்லிமீட்டர்? அடர் காஸ்டபிளோ ஃபயர் பிரிக்கோ என்றால் கனம், சூடாக நேரமெடுக்கும், சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நாளுக்குப் பல தகனம் செய்பவருக்கு ஏற்றது. செராமிக் ஃபைபர் இலேசானது, சீக்கிரம் சூடாகும். ஆனால் சாம்பல் வாரும் கரண்டி பட்டால் கிழியும். சுவரிலும் கூரையிலும் ஃபைபர் இருக்கலாம், தரையில் கூடாது. தரை சமதளமாக, விரிசலில்லாமல் இருக்க வேண்டும். குழி விழுந்த தரையில் முந்தைய பிராணியின் சாம்பல் தங்கி அடுத்ததோடு கலந்துவிடும். தனித் தகனம் என்று சொல்லிப் பணம் வாங்கும் இடத்தில் அது மன்னிக்க முடியாத தவறு.

பர்னர் எந்தத் தயாரிப்பு, எத்தனை கிலோவாட்? ரியெல்லோ, வைஷாப்ட் போன்ற பரவலாகக் கிடைக்கும் பர்னராக இருந்தால் உதிரிப்பாகம் உங்கள் ஊர் பாய்லர் மெக்கானிக்கிடமே கிடைக்கலாம். பெயரில்லாத பர்னர் என்றால் ஒரு எலக்ட்ரோடுக்காகக்கூட உலை வாரக்கணக்கில் நிற்கும்.

கண்ட்ரோல் பேனலின் பிஎல்சி (உலையைத் தானாக இயக்கும் சிறு கணினி) புரோகிராமும் பாஸ்வேர்டும் கொடுப்பார்களா? இல்லையென்றால் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் அவருக்கே கட்டணம் கட்டுவீர்கள்.

கடைசியாக, விலை எந்த இடம்வரை? தொழிற்சாலை வாசலிலா, துறைமுகத்திலா, உங்கள் தளத்தில் இறக்கிப் பொருத்தியா? இறக்குமதி என்றால் சுங்கத் தலைப்பையும் (சுங்க வரிப் பட்டியலில் பொருளின் எண்) முன்பே உறுதி செய்யுங்கள். மின்சாரமல்லாத எரிப்பு உலைகள் 8417-லும், மின்சார உலைகள் 8514-லும் வரும்.

5. கொட்டேஷனில் இல்லாதவை

உலையின் விலையை 100 என்று வைத்துக்கொண்டு கீழே உள்ள ஒவ்வொன்றுக்கும் உள்ளூர் விலை வாங்கி எழுதுங்கள். கூட்டிப் பார்க்கும் வரை கடன் மனு போட வேண்டாம்.

அஸ்தியைப் பொடியாக்கும் இயந்திரம் முதலில். உலையிலிருந்து வருவது எலும்புத் துண்டுகள், பொடியல்ல. இந்த இயந்திரம் பல கொட்டேஷன்களில் "விருப்பத் தேர்வு" என்று ஓரமாக இருக்கும். அதில் விருப்பம் ஒன்றுமில்லை, அது இல்லாமல் அஸ்தியைக் கையில் கொடுக்க முடியாது. பொடிக்கும் முன் ஆணி, தகடு, கொக்கி எடுக்கக் காந்தம் வேண்டும். எலும்புமுறிவுத் தகடுகளில் சில காந்தத்தில் ஒட்டாது, கண்ணால் தேடித்தான் எடுக்க வேண்டும். தூசி உறிஞ்சியும் சேர்த்தே விலை கேளுங்கள்.

அடுத்து குளிர்பதனம். ஓரிரு நாளில் தகனம் என்றால் 2 முதல் 4 டிகிரி போதும். அதற்கு மேல் காத்திருக்கும் என்றால் மைனஸ் 18. எல்லாவற்றையும் ஃபிரீசரில் போடாதீர்கள். உறைந்த உடல் எரிய அதிக நேரமாகும், அந்த நேரம் முழுக்க பர்னர் ஓடும்.

பிறகு சில்லறைகள்: எடை மேடை, தூக்கி வைக்கும் தள்ளுவண்டி, வெப்பக் கையுறை, முகமறைப்பு, நீண்ட கைப்பிடிக் கரண்டியும் தூரிகையும், எண் பொறித்த எவர்சில்வர் வில்லைகள் (உடலோடு உலைக்குள் போய் அஸ்தியோடு வெளியே வர வேண்டும்), சின்னப் பிராணிகளுக்கான தட்டுகள். தட்டு எவர்சில்வரில் 310 ரகத்தில் இருக்கட்டும், 304 ரகம் இந்தச் சூட்டில் நெளிந்துவிடும். அஸ்திப் பாத்திரத்துக்குக் கணக்கு எளிது: உடல் எடையில் கிலோவுக்கு ஏறக்குறைய 36 மில்லிலிட்டர். 30 கிலோ நாய்க்கு 1.1 லிட்டர்.

தள வேலையைக் குறைத்து மதிப்பிடுகிறவர்கள்தான் அதிகம். உலை பல டன் எடை. கான்கிரீட் மேடை, கிரேன், கூரையில் துளை, புகைபோக்கியைச் சுற்றி எரியாத பொருளில் இடைவெளி, பர்னருக்குத் தேவையான காற்று வர ஜன்னல். மின்சாரம் போனால் ப்ளோயர் நின்று புகை அறைக்குள் திரும்பும். ஜெனரேட்டரையும் பட்டியலில் சேருங்கள்.

பலரும் மறக்கும் ஒன்று, புகைபோக்கியில் மாதிரி எடுக்கும் துளை. ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் இரண்டு துளைகள். வளைவு, இணைப்பு போன்ற தடங்கலிலிருந்து புகை போகும் திசையில் விட்டத்தைப்போல் 8 மடங்கு தள்ளி, அடுத்த தடங்கலுக்கு 2 மடங்கு முன்னால் இருப்பது நல்லது. ஆய்வாளர் ஏறி நிற்க மேடையும் வேண்டும். இதைத் தொழிற்சாலையிலேயே வெட்டச் சொன்னால் சொற்பச் செலவு. நிறுத்திய பிறகு வெட்டினால் சாரம், வெல்டர், மறுபூச்சு.

6. ஒரு தகனத்துக்கு எரிபொருள் எவ்வளவு

விற்பனையாளர் சொல்லும் "சராசரி"யை வாங்கிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே சூடாக இருக்கும் உலையின் மூன்றாவது, நான்காவது தகனத்துக்கான எண். நீங்களே போடலாம்: பர்னர்களின் மொத்தக் கிலோவாட், அது ஓடும் மணி நேரம், சராசரியாக எத்தனை சதவீதம் எரிகிறது என்ற மூன்றையும் பெருக்கி எரிபொருளின் ஆற்றலால் வகுக்க வேண்டும். டீசல் லிட்டருக்குச் சுமார் 10 யூனிட், குழாய் எரிவாயு கனமீட்டருக்குச் சுமார் 10, எல்பிஜி கிலோவுக்கு 12.8.

உதாரணமாக, இரண்டு பர்னரும் சேர்ந்து 250 கிலோவாட், 2 மணி நேரம், சராசரி 50 சதவீதம் என்றால் 250 யூனிட், 25 லிட்டர் டீசல். இதோடு காலையில் இரண்டாம் அறையை 850-க்குக் கொண்டுவர 150 கிலோவாட் பர்னர் முக்கால் மணி நேரம் முழுதாக ஓடினால் இன்னொரு 11 லிட்டர். நாளுக்கு ஒரே தகனம் என்றால் அந்த 11 லிட்டரும் அதன் கணக்கில்தான். ஐந்து என்றால் ஆளுக்கு இரண்டு லிட்டர் சொச்சம். வாரம் முழுக்க ஒவ்வொன்றாக எரிப்பதைவிட, குளிர்பதனத்தில் வைத்து வாரம் மூன்று நாள் மட்டும் உலையை மூட்டுவது ஆரம்பத்தில் பணத்தை மிச்சப்படுத்தும்.

இந்த 25 லிட்டர் எங்கே போகிறது என்று பாருங்கள். 30 கிலோ நாயின் உடலில் 18 கிலோ அளவுக்கு நீர். அதை ஆவியாக்க 47 மெகாஜூல் போதும், டீசலில் அது 1.3 லிட்டர். மீதியில் பெரும்பகுதி சுவருக்கும் புகைபோக்கிக்கும் போகிறது. ஆகவே எரிபொருள் பில்லைத் தீர்மானிப்பது பிராணியின் எடையைவிட உள்பூச்சின் தரமும், கதவுச் சீலும், காற்றின் அளவும்தான். கதவு இடுக்கில் குளிர்காற்று உள்ளே போனால் அதையும் நீங்கள்தான் காசு கொடுத்து 850 டிகிரிக்குச் சூடாக்குகிறீர்கள்.

கொழுத்த பிராணி வேறு கதை. ஒரு கிலோ கொழுப்பில் ஒரு லிட்டர் டீசலைவிடச் சற்று அதிக ஆற்றல் இருக்கிறது. கொதிக்கும் உலையில் 50 கிலோ பருத்த நாயை வைத்தால் கொழுப்பு ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும், இரண்டாம் அறை திணறும், கரும்புகை வரும், பக்கத்து வீட்டார் போன் வரும். அப்படிப்பட்டதை நாளின் முதல் தகனமாக, முதல் அறை குளிர்ந்தும் இரண்டாம் அறை சூடாகவும் இருக்கும்போது வைக்க வேண்டும். முதல் அறை பர்னரைத் தானாகக் குறைக்கும் வசதி பேனலில் இருக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

7. பழைய உலை வாங்கலாமா

வாங்கலாம், மறுபூச்சுச் செலவை விலையோடு கூட்டியும் கட்டுப்படியானால். லாரியில் ஏற்றி இறக்கும்போது காஸ்டபிள் வெடிப்பது சகஜம், "பூச்சு நன்றாக இருக்கிறது" என்பது ஏற்றும் வரைக்கும்தான் உண்மை. இரண்டாம் அறையை டேப் வைத்து அளந்து மேலே சொன்ன கணக்கைப் போடுங்கள். வரைபடம், மின்சுற்று, பிஎல்சி பாஸ்வேர்டு மூன்றும் இல்லாத உலையைத் தொட வேண்டாம். வேறு வேலைக்கான குப்பை எரியூட்டியை மாற்றி விற்பார்கள். அதில் கம்பித் தட்டித் தரை இருந்தால் அஸ்தி சேகரிக்க முடியாது.

8. பணத்தைப் பிரித்துக் கொடுங்கள், காலத்தையும் கணக்கிடுங்கள்

நியாயமான பிரிப்பு ஒன்று: 30 சதவீதம் ஆர்டரோடு, 40 தொழிற்சாலையில் சோதனை பார்த்த பிறகு, 20 தளத்தில் ஓட்டிக் காட்டிய பிறகு, 10 புகை ஆய்வில் தேறிய பிறகு. கடைசிப் பத்துக்கு விற்பனையாளர் முரண்டு பிடிப்பார். அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம், ஆய்வில் தோற்றால் அவரைத் திரும்ப வரவைக்க உங்களிடம் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

உலை தயாராகும் நாட்களிலேயே மேடையைப் போட்டுவிடுங்கள், கான்கிரீட் முழு வலு பெற 28 நாள் ஆகும். கட்டண ஒப்பந்தம், வாடகை, ஆள் சம்பளம் ஆகியவை தொடங்கும் தேதியை உலை வந்திறங்கும் நாளுக்கு வைக்காமல், ஆய்வறிக்கை கைக்கு வரும் நாளுக்கு வைத்துப் பேசுங்கள். இரண்டுக்கும் நடுவில் பொருத்துதல், உலர்த்தல், பயிற்சி, ஆய்வகத்தின் தேதி, அறிக்கை என்று வாரங்கள் ஓடும்.

9. முதல் சூடேற்றமும் முதல் ஆண்டும்

புதுக் காஸ்டபிளுக்குள் நீர் இருக்கும். மெதுவாக உலர்த்த வேண்டும்: 110 முதல் 120 டிகிரியில் நீண்ட நேரம் நிறுத்தி, பிறகு மணிக்கு 25 முதல் 50 டிகிரி வீதம், இடையிடையே நிறுத்தி ஏற்றுவது. சரியான அட்டவணையைப் பூச்சுப் பொருளின் தயாரிப்பாளரிடம் காகிதத்தில் வாங்குங்கள். இரண்டு மூன்று நாள் எரிபொருள் இதற்கே போகும். அதைக் கொடுப்பது யார் என்று ஒப்பந்தத்தில் இல்லையென்றால் நீங்கள்தான். பொருத்த வந்தவர் ஊருக்குத் திரும்பும் அவசரத்தில் ஒரே நாளில் ஏற்றினால் உள்ளே நீராவி அடைபட்டு பூச்சு பாளம் பாளமாகத் தெறிக்கும். வெப்பப் பதிவைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி வையுங்கள். பின்னாளில் உத்தரவாதம் பற்றிச் சண்டை வந்தால் உதவுவது அந்த ஒரு தாள்தான்.

அலமாரியில் எப்போதும் இருக்க வேண்டியவை: தெர்மோகப்பிள் இரண்டு, பற்றவைக்கும் எலக்ட்ரோடு, சுவாலையைப் பார்க்கும் சென்சார், சோலினாய்டு வால்வு, கான்டாக்டர், கதவுக்கான செராமிக் கயிறு, டீசல் என்றால் நாஸிலும் ஃபில்டரும். தெர்மோகப்பிள் தேய்மானப் பொருள், அது உத்தரவாதத்தில் வராது. முதலில் போவது தரை. ஒவ்வொரு தகனத்துக்கும் ஒரு சிறு தொகையைத் தரை மறுபூச்சுக்கென்று ஒதுக்கினால், அந்த நாளில் கடன் வாங்க வேண்டியிருக்காது.

ஆட்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது கழுத்துப்பட்டை, பொம்மை, பிவிசி உறை எதுவும் உள்ளே போகக்கூடாது என்பதை எழுதி ஒட்டுங்கள். பிவிசி எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு வரும், புகை ஆய்வும் கெடும், இரும்பும் அரிக்கும். பாலித்தீன் உறை பரவாயில்லை. லித்தியம் பேட்டரி உள்ள ஜிபிஎஸ் பட்டையும், இதயத் துடிப்புக் கருவியும் உள்ளே வெடித்துப் பூச்சை உடைக்கும். உடலை வாங்கும் படிவத்திலேயே "உடலுக்குள் ஏதேனும் கருவி பொருத்தப்பட்டிருக்கிறதா" என்ற ஒரு வரியைச் சேர்த்து, பிராணியின் சொந்தக்காரரிடம் அதற்குத் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள்.